மின்தூக்கியில் இறங்கியவர்கள்

திங்கட்கிழமை காலை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் மேம்பாலத்தில் ஏறினேன். ஏறுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தப் பக்கம் இறங்கத்தான் முடியவில்லை. முதல் படியில் காலை வைத்ததும் இரண்டு தொடையும் உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று கைவிட்டுவிட்டன. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, திரும்பி நின்று, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக இறங்கினேன். சந்தையிலிருந்து காய்கறிப் பைகளோடு வந்த ஒரு சீனப் பாட்டி நின்று பார்த்தார். "ஓகே ஆ?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது.

சனிக்கிழமை லேடாங் மலைக்குப் போய்வந்ததன் பலன் அது.

நாங்கள் ஐந்து பேர். உண்மைப் பெயர்களைப் போட்டால் வாட்சாப் குழுவில் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள் என்பதால் எங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் பெயர்களிலேயே எழுதுகிறேன். வாத்தியார் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். இரண்டு நாள் பயணத்துக்கும் எக்செல் அட்டவணை போடுவார். கணக்கர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது, இன்னும் சிங்கப்பூர் வெள்ளியை மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அக்கா மருத்துவமனைத் தாதி, எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், ஐம்பத்திரண்டு வயது. தம்பி தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சியை முடித்த தெம்பு இன்னும் குறையாதவன். அப்புறம் நான், பகல் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன்.

லேடாங்கின் உயரம் 1,276 மீட்டர். ஜொகூரின் தங்காக் வட்டாரத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி இருக்கிறது. மலேசியாவின் பெரிய மலைகளோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் உயரமில்லை. ஆனால் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் கதை வேறு. எங்கள் நாட்டின் மிக உயர்ந்த இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உச்சியில் இருக்கும் பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இருப்பதே 163 என்கிறபோது அந்த 63 சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே பயிற்சி. ஞாயிறு காலையில் புக்கிட் தீமா, வியாழன் இரவு எங்கள் புளோக் படிக்கட்டு.

படிக்கட்டுப் பயிற்சி என்பது அடுக்குமாடிவாசிகளான எங்களுக்கே உரிய ஒரு கலை. புளோக்குக்கு 25 மாடி. "25 மாடின்னா ஏறுறது 24 தான். மாடிக்கு 2.8 மீட்டர்னு வச்சுக்குங்க, ஒரு தடவைக்கு 67 மீட்டர் வரும். 19 தடவை ஏறினா லேடாங்" என்று கணக்கர் கைத்தொலைபேசியில் தட்டிக் காட்டினார். லேடாங்கை 19 துண்டாக வெட்டி எங்கள் புளோக்கிலேயே வைத்துவிட்ட மாதிரி எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

ஒவ்வொரு வியாழனும் 9 மணிக்குத் தொடங்குவோம். ஏறஏற புளோக்கின் அந்தரங்கம் மூக்குக்கும் காதுக்கும் தெரியவரும். நான்காம் மாடியில் கருவாடு பொரிக்கும் வாசம். ஒன்பதில் ஊதுவத்தி. பன்னிரண்டில் யாரோ வீட்டுத் தொலைக்காட்சியில் மாமியார் அழுதுகொண்டிருப்பார், நாங்கள் மூன்றாம் சுற்று வரும்போதும் அழுது முடித்திருக்க மாட்டார். பதினேழாம் மாடியில் ஒரு மலாய்க்காரர் படிக்கட்டு ஓரமெல்லாம் பூந்தொட்டி வைத்திருக்கிறார், அங்கே மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். 25க்குப் போய்ச் சேர்ந்ததும் மின்தூக்கிப் பொத்தானை அமுக்குவோம். உள்ளே காற்றாடி சுற்றும், வியர்வை ஆறும். தரைத்தளத்துக்கு வந்ததும் மறுபடி ஏற்றம். இறங்கும்போது மின்தூக்கி எடுப்பது முட்டிக்கு நல்லது என்று நாங்களே முடிவுசெய்துகொண்டோம்.

அக்கா மட்டும் படியிலேயே இறங்கி வந்தார். "இறங்கவும் பழகணும்பா" என்று முதல் வாரம் ஒருமுறை சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு மின்தூக்கியில் ஏறிக்கொண்டோம். அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை. நோயாளிகளோடு முப்பது வருடம் பழகியவர், யாரிடம் எத்தனை தடவை சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி வியாழன் 19 தடவையும் ஏறி முடித்தோம். கணக்கர் 'லேடாங் முடிந்தது' என்று குழுவில் போட்டார்.

புக்கிட் தீமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடவேண்டும். அதை நாங்கள் கிண்டலடிப்போமே தவிர, அது உண்மையான மழைக்காடு. தார்ச்சாலை உச்சிவரைக்கும் போவதால் பலருக்கு அது தெரிவதில்லை. 1854இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் அங்கே தங்கி, ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில் இரண்டு மாதத்துக்குள் சுமார் 700 வகை வண்டுகளைச் சேர்த்திருக்கிறார். புலிகளுக்காக வெட்டி, குச்சியும் இலையும் போட்டு மூடிய குழிகள் அப்போது அந்தக் காட்டில் இருந்தன. இன்றைக்கு நம் கையிலிருக்கும் நெகிழிப் பையைப் பிடுங்கும் குரங்குகள்தான் அங்கே உச்சகட்ட ஆபத்து. வாலஸ் அதே வருடம் மலாக்காவுக்குப் போய் லேடாங்கிலும் ஏறினார். அப்போது ஐரோப்பியர்கள் அதை ஓஃபிர் மலை என்றார்கள். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போய், கிடைக்காமல், தாகம் தாங்காமல், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். பூச்சிகள் மிதந்தனவாம், கொஞ்சம் வெதுவெதுப்பாம், மற்றபடி நன்றாகவே இருந்ததாம். வாத்தியார் காரில் இதைச் சொன்னபோது கணக்கர் கேட்டது: "அப்ப நாம தண்ணி கொஞ்சம் குறைச்சுக்கலாமா? முதுகுல கனம் தெரியாம இருக்கும்."

அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பினோம். பெட்ரோல் முக்கால் டாங்குக்குக் குறையாமல் இருக்கிறதா என்று வாத்தியார் மூன்று தடவை பார்த்தார், இல்லையென்றால் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்திலும் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தில் கூட்டம். அதைத் தாண்டிவிட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தூக்கம்தான், ஓட்டுகிறவரைத் தவிர.

தங்காக் வரும்போது எனக்கு விழிப்பு வந்துவிட்டது. என் அப்பாயி பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகித்தான் சிங்கப்பூர் வந்தார். பால்மரம் வெட்டப் போகுமுன் லயத்து வாசலில் நின்று மலையைப் பார்ப்பார்களாம். மலைக்குத் தலைப்பாகை கட்டியிருந்தால், அதாவது உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால், மழை வரும் என்று கணக்கு. மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுவாய் வழியே ஓடாமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும், கோப்பையிலும் மழைத்தண்ணீர் நிறையும். அன்றைக்கு வேலையில்லை, கூலியும் இல்லை. அப்பாயிக்கு அந்த மலை ஓர் அழகான காட்சியாக ஒருநாளும் இருந்திருக்காது. அரிசி வாங்க முடியுமா முடியாதா என்பதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையாகத்தான் இருந்திருக்கும். "மலைக்கு மேல என்ன இருக்கு அப்பாயி?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எனக்கென்ன தெரியும், நான் என்ன குரங்கா?" என்றார்.

இப்போது அங்கே ரப்பர் குறைந்து செம்பனைதான் வரிசைவரிசையாக நிற்கிறது. விடியும் நேரத்தில் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலைப்பாகை கட்டியிருந்தது.

சாகிலில் இருக்கும் தேசியப் பூங்கா அலுவலகத்தில் பதிவு. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அதைவிட எங்களைத் திகைக்க வைத்தது பையைத் திறந்து குப்பையாகக்கூடிய எல்லாவற்றையும் எண்ணி ஒரு தாளில் எழுதச் சொன்னதுதான். தண்ணீர் போத்தல் 14. பிஸ்கட் பொட்டலம் 6. நெகிழிப் பை 9. இஞ்சி மிட்டாய் 22, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி உறை. திரும்பி வரும்போது தாளில் எழுதியதெல்லாம் இருக்கவேண்டும். கணக்கருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், வரிசையில் நின்ற மற்றக் குழுக்களுக்கும் எண்ணிக் கொடுத்தார்.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டோம். ஒல்லி உடம்பு, தோளில் ஒரு சின்னப் பை, காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. கம்போங் அடிடாஸ், அதாவது கிராமத்து அடிடாஸ், என்று கேலியும் செல்லமுமாகச் சொல்வார்கள், தோட்டத்து மளிகைக்கடையில் பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குத் தொங்கும். அப்பாயியின் பழைய படம் ஒன்றில் அவர் காலில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே சப்பாத்துதான். தம்பி தன் 240 வெள்ளிக் காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

தொடக்கத்தில் அருவியை ஒட்டி சிமெண்டுப் படிகள். இங்கே நாங்கள் புலிகள். 19 தடவை ஏறிய கால்கள் அல்லவா! அபாங் திரும்பிப் பார்த்து, "பெலான், பெலான்" என்றார். மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம். அக்காவும் அதையேதான் சொன்னார். "பேசிக்கிட்டே ஏற முடியணும். வாய் நின்னா கால நிறுத்து." தம்பி முன்னால் போய்விட்டு, நாங்கள் வரும்வரை உட்கார்ந்து, உடம்பு ஆறியபின் மறுபடி எழுந்து ஓடினான். இந்த மாதிரி ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். சாயங்காலம் அவரைப் பார்க்கவேண்டும்.

படி முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. அங்கேதான் எங்கள் பயிற்சியின் முதல் ஓட்டை தெரிந்தது. புளோக்கில் எல்லாப் படியும் ஒரே உயரம். பத்துப் படி ஏறினால் பதினோராவது எங்கே இருக்கும் என்று காலுக்கே தெரியும், கண் தேவையில்லை. காட்டில் ஒரு படிபோல் இன்னொன்று கிடையாது. படி என்று நான் சொல்வதும் வேர்களைத்தான். மழைக்காட்டைப் பார்த்தால் மண் கொழுத்துக் கிடக்கும் என்று தோன்றும், உண்மையில் சத்தெல்லாம் மேலாக ஒரு மெல்லிய அடுக்கில்தான். விழுகிற இலை மக்கி முடிவதற்குள் மரங்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன. அதனால் வேர்கள் ஆழமாகப் போகாமல் தரையிலேயே பரந்து ஓடுகின்றன. பெரிய மரங்கள் சாயாமல் இருக்கப் பலகைபோல் வேர் விட்டு நிற்கும். அந்த வேர்ப்பின்னலுக்கு நடுவே மண் அரித்துப்போன இடமெல்லாம் பள்ளம். ஒரு வேர் கணுக்கால் உயரம், அடுத்தது முட்டி உயரம், அதற்கடுத்தது காலை மாட்டிக்கொள்ள வாகாக வளைந்து கிடக்கும். ஈரத்தில் எல்லாமே சோப்பு.

ஒரு திருப்பத்தில் கணக்கர் "யாரோ சட்டையப் பிடிச்சு இழுக்கிறாங்க" என்று கத்தினார். பிரம்புக்கொடி. அதன் நுனியில் மீன்தூண்டில் மாதிரி கொக்கிமுள், பின்பக்கமாக வளைந்திருக்கும். முன்னால் இழுக்கஇழுக்க இறுகும். அபாங் வந்து அவர் தோளைப் பிடித்து ஒரு எட்டு பின்னால் நடக்க வைத்தார், கொக்கி தானாகக் கழன்றது. பிரம்பு நாற்காலியில் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருக்கிறோம், அதன் சுபாவம் யாருக்குத் தெரிந்தது?

இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அபாங்கின் பதில் ஒன்றுதான்: "செபுலோ மினிட் லாகி." இன்னும் பத்து நிமிடம். ஒன்பதரைக்கும் பத்து நிமிடம், பதினொன்றுக்கும் பத்து நிமிடம். மூன்றாவது தடவைக்குப் பிறகு கணக்கர் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

மேலே போகப்போக மரங்கள் குட்டையாகின. சிள்வண்டுச் சத்தம் ஓய்ந்தது. பாறையிலும் கிளையிலும் பச்சைப் பாசி, மூச்சு விட்டால் புகை. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்ததை உடம்பு இப்போது ஒப்புக்கொண்டது. பாதையோரம் குடுவைச் செடிகள் தொங்கின. ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். கால் குவளை தண்ணீர், அதில் ஓர் எறும்பு, ஒரு கொசுவின் இறக்கை, அடியில் கறுப்பாக ஏதோ கூழ். கணக்கர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் எங்கள் போத்தலை எடுத்துக் குடித்தோம்.

உச்சிக்கு முன்னால் வரும் கயிறும் ஏணியுமான பகுதிக்கு கேஎஃப்சி என்று பெயர். வறுத்த கோழியில்லை, 'கில்லர் ஃபார் கிளைம்பர்ஸ்' என்பதன் சுருக்கம். செங்குத்தான பாறை, அதில் முடிச்சுப் போட்ட கயிறு. நானோ கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை அப்படியே தூக்கப் பார்த்தேன். கால் வழுக்கி, முட்டி பாறையில் இடித்து, கயிற்றோடு அரைவட்டம் சுற்றி முதுகுப் பையால் பாறையில் மோதி நின்றேன். "தாலி பெகாங் சாஜா, காக்கி நாய்க்" என்றார் கீழேயிருந்து அபாங். கயிற்றைப் பிடித்துக்கொள், அவ்வளவுதான், ஏறுவது கால். சொன்னபடி கண்ணைக் கயிற்றிலிருந்து பாறைக்குக் கொண்டுவந்தேன். இடதுபக்கம் ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு விளிம்பு இருந்தது. அதற்கு மேல் இன்னொன்று. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவரை இரண்டுமே என் கண்ணில் படவில்லை.

ஒன்று பத்துக்கு உச்சி.

உச்சியைப் பற்றி எழுத அதிகமில்லை. வெள்ளைத்துணி போட்டு மூடிய மாதிரி மூடுபனி. எங்களுக்கு முன்னால் வந்த குழு ஒன்று ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரம் காட்டுக்குள் நடந்து வந்து இதைத்தான் கேட்கவேண்டுமென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று வாத்தியார் முணுமுணுத்தார், சத்தமாகச் சொல்லவில்லை. படம் எடுத்துக்கொண்டோம். எங்கே எடுத்தாலும் பின்னால் வெள்ளைதான், புளோக் சுவருக்கு முன்னால் எடுத்திருந்தாலும் வித்தியாசம் தெரியாது. அக்கா வாழையிலையில் கட்டிவந்த புளிச்சோறு மட்டும் சிகரத்துக்குரிய மரியாதையோடு இருந்தது. நல்லெண்ணெயும் வறுத்த நிலக்கடலையும். இலை குப்பைக் கணக்கில் வராது என்று கணக்கர் உறுதிசெய்துகொண்டார்.

சாப்பிடும்போது வாத்தியார் இந்த மலையின் இளவரசி கதையைச் சொன்னார். மலாக்கா சுல்தான் மஹ்மூத் ஷா லேடாங் இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அவள் ஏழு பொருள் கேட்டாள். மலாக்காவிலிருந்து லேடாங் வரை தங்கத்தால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், தட்டுத்தட்டாகக் கொசுவின் இதயம், கண்ணீர் நிறைத்த ஜாடி, கடைசியாகச் சுல்தானின் மகனுடைய ரத்தம் ஒரு கிண்ணம். முடியாது என்பதைச் சொல்ல அவள் கண்டுபிடித்த வழி அது. "பெண் கேட்டு ஏறி வந்தவர் மாப்பிள்ளை இல்லை, அதைக் கவனிங்க" என்றார் வாத்தியார். "மாப்பிள்ளை அரண்மனையில உட்கார்ந்திருந்தார்." தங்கப் பாலம் அந்த நேரத்தில் எனக்கு அநியாயக் கோரிக்கையாகத்தான் தோன்றியது.

ஒன்று நாற்பதுக்கு இறங்கத் தொடங்கினோம். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறக்கம்தானே, மூன்று மணி நேரத்தில் கீழே, ஆறு மணிக்குத் தங்காக்கில் நுரைக்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக். வாத்தியாரின் அட்டவணையிலும் அப்படித்தான் இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் கயிற்றுப் பகுதியிலேயே போயிற்று. ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே இருந்தது. இறங்கும்போது அது காலுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது, வயிறு மறைக்கிறது. காலை நீட்டித் துழாவவேண்டும். அதைத் தாண்டி வேர்ப்பாதைக்கு வந்தபோதுதான் தொடை நடுங்கத் தொடங்கியது. குளிர் நடுக்கம் மாதிரி இல்லை. தையல் மிஷின் மாதிரி, நின்றால் தடதடவென்று அடித்துக்கொள்ளும், நடந்தால் கொஞ்சம் அடங்கும். ஒவ்வொரு வேரிலும் காலை வைக்கும்போது முட்டி மடங்கிக்கொண்டே போய் உட்கார வைத்துவிடுமோ என்று பயம். திரும்பிப் பார்த்தேன். வாத்தியாருக்கும் அதேதான். கணக்கர் ஒரு குச்சியை உடைத்து ஊன்றிக்கொண்டிருந்தார். காலையில் ஓடிய தம்பி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தான்.

"எந்தக் கால் வலிக்குது?" என்று அக்கா கேட்டார்.

"ரெண்டும்."

"முன்தொடைதானே?" மருத்துவமனைக் குரல் வந்துவிட்டது. ஏறும்போது தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பை விழவிடாமல் தடுக்கவேண்டும், பிரேக் பிடிக்கிற மாதிரி. நீளும்போது வேலைசெய்தால் தசைநாரில் நுணுக்கமாகச் சேதம் வரும். பழகிய தசை தாங்கும், பழகாத தசைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உண்மையான வலி தெரியும். இதையெல்லாம் அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "நீங்க நாலு பேரும் மூணு மாசமா பிரேக்கே பிடிச்சதில்லையே" என்றார்.

19 தடவை ஏறியிருக்கிறோம். அதற்கு 19 தடவை இறங்கவேண்டியது எங்கள் கணக்கில் எங்கேயுமே இல்லை. கணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். இளவரசி தங்கப் பாலம் கேட்டது நியாயம்தான் என்றும் எனக்கு அப்போது பட்டது.

அக்கா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, கால் மாற்றிக் கால் மாற்றி, சின்னச் சின்ன எட்டாக. குதிக்கக்கூடாது. தேவைப்பட்டால் உட்கார்ந்து இறங்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அவர் கடைசி ஆளாக நின்றுகொண்டு எங்களை முன்னால் அனுப்பினார். அபாங் முன்னால், அக்கா பின்னால், நடுவில் நாங்கள் நான்கு பேரும் காலுடை பின்பக்கம் முழுக்கச் சேறாக.

நாலரைக்கு மழை பிடித்தது. காட்டுக்குள் மழை முதலில் சத்தமாகத்தான் வரும், மேலே இலைக்கூரையில் விழுந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் நம் தலைக்கு வந்து சேரும். வந்தால் நிற்காது. மேலே ஓய்ந்த பிறகும் கீழே சொட்டிக்கொண்டிருக்கும். பாதை சிறு ஓடையாகிவிட்டது. ஓரிடத்தில் என் இடது கால் வழுக்கியது. விழாமல் இருக்கப் பக்கத்தில் இருந்ததைப் பற்றினேன். அது ஒரு முட்பனையின் தண்டு. கறுப்பு ஊசிகளை வளையம் வளையமாகச் செருகி வைத்திருந்தது. கத்தினேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்கு ஞாபகமில்லை. உள்ளங்கையில் ஏழு முள். நான்கைப் பிடுங்க முடிந்தது, மூன்று உள்ளேயே ஒடிந்துவிட்டன. "பிடிக்கிறதுக்கு முந்தி பார்க்கணும்" என்று அபாங் மலாயில் சொன்னார். கோபமில்லை, தினமும் யாருக்காவது சொல்கிறவரின் குரல்.

ஆறரைக்கே இலைகளுக்குக் கீழே இருட்டிவிட்டது. எல்லோரும் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டோம். வெளிச்சம் வட்டமாக நான்கடி முன்னால் விழுந்தது. ஈரமரப்பட்டை அந்த வட்டத்தில் பளபளத்தது. அப்பாயியும் இப்படித்தான், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் மரத்துக்கு மரம் போயிருக்கிறார். ஒரு வட்ட வெளிச்சத்தில் ஒரு மரப்பட்டை, அப்புறம் அடுத்த மரம். நான் ஒரு சனிக்கிழமை காசு கொடுத்து வந்து செய்ததை அவர் வருடம் முழுக்கக் கூலிக்குச் செய்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கால் அந்த யோசனையை அதிக நேரம் வைத்திருக்கவிடவில்லை.

அருவிச் சத்தம் கேட்டது. சிமெண்டுப் படி வந்தது. காலையில் புலிகளாக ஏறிய அதே படியில் நான்கு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஒன்றரை வயதுக் குழந்தைகளாக இறங்கினோம். ஏழே கால்.

அலுவலகத்தில் கணக்கு ஒப்படைக்கவேண்டும். போத்தல் 14, சரி. பிஸ்கட் உறை 6, சரி. மிட்டாய் உறையும் மீதி மிட்டாயும் சேர்த்து 21. ஒன்று குறைந்தது. பைகளைக் கவிழ்த்தோம், சட்டைப்பை எல்லாம் துழாவினோம். கணக்கரின் முகத்தில் அன்றைக்கு முழுக்க இல்லாத ஒரு வேதனை. பதினைந்து நிமிடம் கழித்துத் தம்பி அசட்டுத்தனமாகச் சிரித்தான். நடுங்கிக்கொண்டே இறங்கியபோது ஒரு மிட்டாயை உறையோடு வாயில் போட்டு, உறையைக் கன்னத்தில் அடக்கியவன், பிறகு அதை எடுத்துக் காலுறைக்குள் செருகியிருக்கிறான். ஏன் காலுறைக்குள் என்று யாரும் கேட்கவில்லை. உருவி எடுத்தபோது உறையோடு ரத்தம் குடித்து உப்பிய ஓர் அட்டையும் வந்தது, பெருவிரல் பருமனுக்கு. பதிவேட்டுக்காரர் உறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தங்காக்கில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டியும் தே தாரிக்கும். மேசைவிளக்குக்குக் கீழே என் உள்ளங்கையை விரித்து வைத்து, அக்கா சாமணத்தால் முள்ளைத் தேடினார். இரண்டு வந்தது. மூன்றாவது இதை எழுதும்போதும் உள்ளேதான் இருக்கிறது, தட்டச்சு செய்யும்போது பெருவிரலுக்குக் கீழே லேசாக உறுத்துகிறது. தானே சீழ்கட்டி வெளியே வரும் என்கிறார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் எப்படிப் போயின என்பதை மேம்பாலத்துச் சீனப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்டுக்கு ஏழு மணிக்கே போய்விட்டாராம்.

வியாழன் இரவு 9 மணிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வந்தார்கள். பேச்சில்லாமல் ஏறினோம். கருவாடு, ஊதுவத்தி, அழும் மாமியார், பூந்தொட்டிகள். 25ஆம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, பழக்கதோஷத்தில் கணக்கரின் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது. மின்தூக்கி வந்து திறந்தது. உள்ளே பந்தைக் கையில் வைத்திருந்த பையன் ஒருவன், எங்களை வாராவாரம் பார்க்கிறவன், கதவைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், கீழ போகலியா?" என்று கேட்டான்.

அக்கா அதற்குள் அரைமாடி இறங்கியிருந்தார். வாத்தியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, இடது காலைக் கீழ்ப்படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.